பிள்ளையாருக்கு முன்னால் ஒரு வரி

இணையப் பக்கம் எழுதுவதைத் தொலைபேசியில் கற்றுக்கொடுக்க முடியாது என்பதை, ஒரு குளிர்காலம் முழுவதும் தொலைபேசியில் கற்றுக்கொடுத்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். மாணவி என் மச்சாள். மனைவியின் ஒரே தங்கை. அவள் ஒஸ்லோவின் ஒரு முனையில் ஸ்டோவ்னரில் இருந்தாள். நான் மறுமுனையில், மோர்டென்ஸ்ருட்டில். அவள் ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். நான் நகர நடுவில் ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்து, மற்றவர்களுக்கு இணையப் பக்கங்கள் செய்துகொண்டிருந்தேன். அவளுடைய வேலைநேரம் வாரத்துக்கு வாரம் மாறும். என்னுடைய பொறுமை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். இரண்டும் தற்செயலாக ஒத்துவரும் நேரத்தில் தொலைபேசி அடிக்கும்.

“கோணல் அடைப்புக்குறி போடு, பிள்ளை.”

“போட்டன் அத்தான்.”

“வாய் எந்தப் பக்கம் திறந்து கிடக்கு?”

“ஆரின்ரை வாய்?”

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அடித்ததை நான் காணவில்லை, நான் நினைத்ததை அவள் காணவில்லை. குருடர்கள் யானை பார்த்த கதையில்கூடக் குருடர்கள் யானையின் பக்கத்தில் நின்றார்கள். நாங்கள் யானையை நகரத்தின் இரண்டு கோடிகளில் இருந்து தடவினோம்.

விளையாட்டுக்கு அவள் இதைப் படிக்கவில்லை. சலவைக்கூடத்து நீராவியும் சவர்க்காரத் தூளும் சேர்ந்து அவளுடைய கைகளைத் தின்றுவிட்டன. விரல் மடிப்புகள் வெடித்திருந்தன. வீட்டில் மாக் குழைப்பதற்கும் கையுறை போட்டாள். மருத்துவர் களிம்புகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, வேலையை மாற்று என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில்தான் ஒரு வட்டார நிர்வாக அலுவலகத்தில் ஓர் இடம் இருப்பதாக வேலைவாய்ப்புக்காரர்கள் சொன்னார்கள். அலுவலகத்தின் இணையப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். முதலில் அரை ஆண்டு ‘பிராக்சிஸ்’, அதாவது பயிற்சி வேலை. சரியாகச் செய்தால் அங்கேயே வைத்துக்கொள்ளவும் கூடும். ஒரே ஒரு நிபந்தனை: சொந்தமாகச் செய்த பக்கம் ஒன்றைக் கொண்டுவந்து, அவர்களுடைய கணினியில் திறந்து காட்ட வேண்டும்.

“அத்தான், எனக்குக் கை நனையாத காய்ஞ்ச வேலை ஒண்டு வேணும்” என்றாள். கெஞ்சலாக இல்லை, கடையில் சாமான் கேட்பதுபோல. அப்படிக் கேட்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்ல என்னால் முடிவதில்லை.

வழியைக் கண்டுபிடித்தது என் மனைவி. அவள் சமையலறையில் நின்றபடி குளிர்காலம் முழுக்க எங்கள் உரையாடலின் என் பாதியைக் கேட்டுக்கொண்டிருந்தவள்.

“இஞ்சேருங்கோ, நீங்கள் செய்யிறதை ஒருக்காச் செய்து வீடியோவாப் பதிஞ்சு குடுங்கோ. அவள் நிப்பாட்டி நிப்பாட்டிப் பாப்பாள். உங்களை நிப்பாட்டுறதுக்கு வேறை வழியில்லை.”

திரையில் நடப்பதை அப்படியே படமாகப் பிடிக்கும் மென்பொருள்கள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. அதில் ஒன்றை இறக்கினேன். தலையில் மாட்டும் ஒலிவாங்கி ஒன்று வாங்கினேன். அதை மாட்டிக்கொண்டு பேசியபோது, என் மூச்சு வட கடல் புயல்போலப் பதிவாகியது. மூக்குக்குக் கீழே இருந்ததைத் தாடைக்குக் கீழே இறக்கிய பிறகு புயல் ஓய்ந்தது. அடுத்த வீட்டுக்காரர் சுவரில் துளையிடுவது கேட்டது.

எங்கள் அடுக்குமாடியில் ஒரு சட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை யாரும் துளையிடக்கூடாது, சுத்தியல் தொடக்கூடாது. நோர்வேக்காரர்கள் கடவுளை மறந்தாலும் இந்தச் சட்டத்தை மறக்கமாட்டார்கள். ஆகவே பதிவுக்கு உகந்த நாள் ஞாயிறு என்று தீர்மானித்தேன். ஒரு சிக்கல் என்னவென்றால், நோர்வேக்காரர்கள் வாய் மூடுகிற அதே ஞாயிறுதான் தமிழர்கள் வாய் திறக்கிற நாள். சொல்லாமல் வருவார்கள், தேத்தண்ணீர் குடிப்பார்கள், போகும்போது வாசலில் நின்று உண்மையான பேச்சைத் தொடங்குவார்கள். இதிலிருந்து தப்ப, வீட்டின் சாமான் அறைக்குள் புகுந்தேன். ஒரு பக்கம் நாங்கள் ஒரு தடவை மட்டும் பயன்படுத்திய பனிச்சறுக்குக் கட்டைகள், மறு பக்கம் அரிசி மூட்டைகள். அரிசி மூட்டையைப்போல எதிரொலியை விழுங்கும் பொருள் வேறில்லை என்று எந்த ஒலிப்பொறியியலாளரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே கண்டேன். ஒரு மூட்டையில் நான் இருந்தேன், இன்னொன்றில் மடிக்கணினி இருந்தது.

முதல் பதிவை வீட்டில் போட்டுக் காட்டினேன். “அன்பார்ந்த நேயர்களே, இப்பொழுது நாம் ஓர் அடைப்புக்குறியை இடுவோமாக” என்று அதில் என் குரல் ஒலித்தது. மனைவி கடைசிவரை கேட்டாள்.

“வானொலியிலை மரண அறிவித்தல் வாசிக்கிற மாதிரிக் கிடக்கு” என்றாள். “இறுதிக் கிரியை எத்தினை மணிக்கு?”

இரண்டாவது பதிவில் தமிழைக் கொஞ்சம் தளர்த்தினேன். ஆனால் தொலைக்காட்சிச் சமையல்காரர்களைப் பார்த்துப் பழகியவன் என்பதால், எல்லாவற்றையும் முன்கூட்டியே தட்டெழுதி வைத்திருந்து, பதிவின்போது துண்டு துண்டாக எடுத்து ஒட்டினேன். பிழையே இல்லை. வேகமும் இருந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது. மச்சாள் பார்த்துவிட்டுத் தொலைபேசி எடுத்தாள்.

“அத்தான், உந்த வெங்காயம் எப்ப வெட்டினனீங்கள்?”

“எந்த வெங்காயம்?”

“திடீரெண்டு சட்டிக்குள்ளை விழுதே, அது. எனக்கு வெங்காயம் உரிக்கிறதிலை இருந்து காட்டுங்கோ.”

அவள் கேட்டது நியாயம். மூன்றாவது முறை வெறும் பக்கத்தைத் திறந்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை என் கையாலேயே அடித்துக்காட்டினேன். பிழைவிட்டால் திருத்துவதும் பதிவில் இருந்தது. நடுவில் ஒரு பெட்டி, அதற்குள் தலைப்பு, படம், நான்கு பத்தி. பெட்டி எந்தத் திரையிலும் நட்டநடுவில் வந்து நிற்கும்படி ஓரங்களைக் கணக்கிடச் சொல்லும் ஒரு வரி. அந்த வரிதான் பாடத்தின் உயிர். அடிக்கு அடி “பயப்படத் தேவையில்லை, சேமித்துக்கொள்ளுங்கள்” என்றும் சொல்லிக்கொண்டேன். யாருக்கு அந்த ஆறுதல் என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. மச்சாளுக்கு அது பிடித்தது. அவள் நிறுத்தினாள், பின்னால் போனாள், மறுபடி பார்த்தாள். இரண்டு வாரத்தில் அவளுடைய முதல் பக்கம் எழுந்து நின்றது. அந்த அலுவலகத்துக்குப் பொருத்தமாக, ஸ்டோவ்னரில் குழந்தைகள் விளையாடும் இடங்களைப் பற்றி எழுதியிருந்தாள். என் பக்கங்களைவிட நிறம் நன்றாக இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

அவள் பக்கம் செய்கிறாள் என்ற செய்தி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் நடையில் பரவியது. பிள்ளைகள் உள்ளே அகரம் படிக்கும்போது பெற்றோர் வெளியே நின்று ஊரைப் படிக்கும் இடம் அது. ஒருவர் என் பாடம் பதிந்த இறுவட்டை, அதாவது சீடியை, கேட்டார், இன்னொருவர் அதைப் பிரதி எடுத்தார். கொஞ்ச நாளில் நான் முகமில்லாத ஒரு பிரபலம் ஆனேன். கோயிலில் அன்னதான வரிசையில் நின்று இன்னும் கொஞ்சம் பருப்பு விடச் சொன்னபோது, முன்னால் நின்ற அம்மா சடாரெனத் திரும்பினார். “நீங்கள் பெட்டி நடுவிலை வைக்கிற தம்பியெல்லே?” என்றார். ஓம் என்றேன். பருப்பு கூடுதலாகக் கிடைத்தது. ஓய்வுநேரத்தில் கதை எழுதுகிற எனக்கு, எழுத்தாளனாக இத்தனை காலம் கிடைக்காத அங்கீகாரம்.

முதல் முறைப்பாடு பேர்கனிலிருந்து வந்தது. அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை செய்யும் பெரியவர். இறுவட்டு எந்த வழியாக மலை தாண்டிப் போனதோ தெரியாது. பாடத்தில் சொன்னபடியே செய்தாராம். வீட்டுக் கணினியில் பக்கம் நடுவில் நிற்கிறதாம். வேலையிடத்துக் கணினியில் திறந்தால் இடப்பக்கச் சுவரோடு ஒட்டி நிற்கிறதாம். பெட்டியும் மெலிந்து போகிறதாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் யாராக இருந்தாலும் கொஞ்சம் மெலிந்து ஒதுங்கித்தான் நிற்பார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மருத்துவமனையின் கணினி பழசாக இருக்கும், கவலைப்படாதீர்கள் என்று சொல்லி வைத்தேன். என் பகிடியை மட்டும் நாலு பேருக்குத் திருப்பிச் சொன்னேன்.

அந்த அலுவலகத்து நேர்முகத்துக்குச் சில நாள் இருக்கும்போது, முன்னெச்சரிக்கையாக மச்சாள் தன் பக்கத்தை நூலகத்துக் கணினி ஒன்றில் திறந்து பார்த்தாள். பிறகு எனக்கு எடுத்தாள். குரல் மெலிந்து ஒதுங்கியிருந்தது.

“அத்தான், சரிஞ்சு போச்சு. இடப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டு நிக்குது.”

“நூலகத்துக் கொம்பியூட்டர் பழசு, பிள்ளை.”

“அந்த ஒஃபிஸிலையும் உதே பழசுதானாம். கேட்டுப்போட்டன்.”

அரசாங்க அலுவலகம், மருத்துவமனை, நூலகம் எல்லாவற்றிலும் அப்போது பக்கங்களைத் திறந்து காட்ட ஒரே பழைய உலாவிதான். வீடுகளில் எல்லோரும் புதியதுக்கு மாறியிருந்தார்கள். என்னுடைய சாமான் அறையில் பழையது இல்லை. அதில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவுமில்லை. இணையப் பக்கம் செய்து பிழைக்கிறவன் செய்யக்கூடாத காரியம் அது. வேலையிடத்தில் ஒவ்வொரு நாளும் செய்வதை வீட்டில் சொந்தக்காரருக்குச் செய்யாமல் விடுவதும் ஒரு பண்பாடுதான். தையல்காரர் வீட்டுப் பிள்ளையின் சட்டையைப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை அவளுடைய பக்கத்தை என் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே பழைய உலாவியோடு ஒரு பழைய கணினியைப் பரிசோதனைக்கென்று மூலையில் வைத்திருந்தோம். பக்கத்து மேசையில் கோயம்புத்தூரிலிருந்து வந்த என் சக ஊழியர். நோர்வேயில் முதலாளியையே பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள், என்னைச் ‘சார்’ என்று கூப்பிடாதீர்கள் என்று அவருக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் “ஓகே சார்” என்பார். என் வீடியோவை அவரும் பார்த்திருந்தார். ரொம்ப நல்லா இருக்கு என்றார். எந்த ஊர் ரேடியோ என்று மட்டும் அவர் மனைவி கேட்டாராம்.

இருவரும் உட்கார்ந்து மச்சாளின் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தோம். தொடக்கத்திலேயே அவர், “பிள்ளையார் சுழி போட்டிருக்காங்க, நல்ல பழக்கம் சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். நானும் போனேன். ஒரு பிழையும் அகப்படவில்லை.

இப்படி அகப்படாதபோது எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. பக்கத்தில் பாதியை வெட்டி எறிவது. இன்னும் சரிகிறதா என்று பார்ப்பது. சரிந்தால் மிச்சத்தில் பாதியை வெட்டுவது. படங்கள் போயின, ஊஞ்சல்கள் போயின, பத்திகள் போயின, நிறங்கள் போயின. கடைசியில் மூன்றே மூன்று மிஞ்சின. இது இன்ன விதிப்படி எழுதிய பக்கம் என்று உலாவிக்குச் சொல்லும் அறிவிப்பு வரி. ஒரு வெறும் பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளையார். பெட்டி இன்னும் இடப்பக்கமே நின்றது.

சந்தேகத்துக்குரியவர்கள் மூவர். அறிவிப்பு வரி எல்லா ஊரிலும் உள்ளது. பெட்டி அப்பாவி. நாங்கள் இருவரும் மேலே பார்த்தோம்.

“நீங்களே டெலிட் பண்ணுங்க சார்” என்றார் கோயம்புத்தூர்க்காரர். நாற்காலியையும் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

நான் அழித்தேன். பெட்டி ஒரு துள்ளுத் துள்ளி நடுவில் வந்து நின்றது. பிள்ளையாரை அகற்றியதும் எல்லாம் ஒழுங்குக்கு வந்த அந்தக் காட்சி ஒரு நாத்திகருக்குக் கிடைத்திருந்தால் ஊர் ஊராக மேடை போட்டிருப்பார். எனக்குக் கிடைத்தது வீண். நான் நாத்திகனும் இல்லை. பக்திமான் என்றும் சொல்லமுடியாது. கோயிலுக்குள் நிற்கும்போது வெளியில் விட்ட சப்பாத்தைப் பற்றி நினைப்பவன். ஆனால் வெறும் தாளைக் கண்டால் என் கை தானாக மேலே ஒரு ‘உ’ போடும். கடைக்குப் போகும்போது எழுதும் துண்டிலும் போடும். சின்ன வயதில் பிடித்த கை.

அப்படித்தான் நடந்திருக்கிறது. அன்று மாலை வீட்டில் என் பாடத்தை நானே போட்டுப் பார்த்தேன். வெறும் பக்கம் திறக்கிறது. ஒரு தொண்டைச் செருமல் கேட்கிறது. ஒரு சொல்லும் சொல்லாமல், கணினி பொருட்படுத்தாமல் தாண்டிப்போகும் குறிப்புக்குரிய அடைப்புக்குள் ‘உ’ விழுகிறது. அதற்குப் பிறகுதான் “முதலாவதாக” என்று தொடங்குகிறேன். அந்தச் சுழியைப் பற்றி நான் விளக்கவே இல்லை. ஆனாலும் ஒஸ்லோவிலிருந்து பேர்கன்வரை ஒருவர் தவறாமல் அதைப் போட்டிருந்தார்கள். என் பாடத்தில் விளக்காமலே எல்லோருக்கும் விளங்கிய பகுதி அது ஒன்றுதான்.

புதிய உலாவிகள் அதை மரியாதையாகத் தாண்டிப் போயின. பழையது அப்படி இல்லை. அது வாசலில் அறிவிப்பு வரியைத்தான் எதிர்பார்க்கும். அதற்கு முன்னால் வேறு யாராவது நின்றால், அது கண்ணுக்குத் தெரியாத குறிப்பாக இருந்தாலும், ‘சரி, இது அந்தக் காலத்துப் பக்கம்’ என்று முடிவுகட்டி, பழைய அளவுகோலை எடுத்து அளக்கத் தொடங்கிவிடும். அந்தக் கோலின்படி ஓரங்களும் நடுவும் வேறு. உலகத்தில் வேறு எந்த இனத்து மாணவர்களும் இந்தப் பிழையைக் கூட்டமாகச் செய்திருக்கமாட்டார்கள் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமிதம்கூட வந்தது.

பெருமிதத்தோடு மச்சாளுக்கு எடுத்து, கண்டுபிடித்துவிட்டேன், மேலே இருக்கும் சுழியை எடுத்துவிடு என்றேன்.

“எடுக்கிறதோ?” என்றாள்.

“ஓம். அவ்வளவுதான் வேலை.”

“அத்தான், கை இப்பிடிக் கிடக்கு. நேர்முகம் வைச்சிருக்கிறது செவ்வாய்க்கிழமை, அதுவே எனக்குப் பிடிக்கேல்லை. இந்த நேரம் பாத்து பிள்ளையாரை எடு எண்டு சொல்லுறியள்.”

எடுக்க வேண்டாம், அறிவிப்பு வரிக்குக் கீழே இறக்கினால் போதும் என்றேன். அவள் கேட்டாள்: கோயிலில் முதல் பூசை யாருக்கு? பிள்ளையாருக்கு. அவருக்கு முன்னால் ஒரு வரி வரலாமோ? நான் பழைய உலாவியின் மனநிலையை விளக்கினேன். அவள் பிள்ளையாரின் மனநிலையை விளக்கினாள். அது நோர்வேக்காரர் கண்ணுக்குத் தெரியவே தெரியாதே, இருந்தாலென்ன இறங்கினாலென்ன என்று கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

“அவையளுக்குத் தெரியாட்டிலும் எனக்குத் தெரியும்” என்றாள்.

நிறைய வாசித்திருக்கிறேன். ஒரே வரிக்கு உரையாசிரியர்கள் எழுதிய ஏழு உரைகளை ஒப்பிட்டுப் பார்த்துப் பொழுது போக்கியவன். ஒரு தொழிலாளியின் வெடித்த விரல்கள் ஒரு வரிக்கு மேலா கீழா என்பதில் தொங்கிக்கொண்டிருக்கையில், அந்த வாசிப்பிலிருந்து ஒரு வார்த்தைகூட உதவிக்கு வரவில்லை. தொலைபேசியை மனைவி வாங்கினாள்.

“எடியே, நீ பள்ளிக்கூடத்திலை கொப்பியிலை சுழி போட்டனி தானே? எங்கை போட்டனி?”

மறுமுனை ஏதோ சொன்னது.

“மேலை எண்டால் எங்கை? கொப்பி அட்டையிலையோ? ஒவ்வொரு தாளிலையும் மேலை திகதி, பாடம் எண்டு அச்சடிச்சுக் கிடந்ததெல்லே? அதுக்கும் மேலையோ போட்டனி? அதுக்குக் கீழை, நாங்கள் எழுதத் தொடங்கிற இடத்திலைதானே. அச்சடிச்சது கொப்பி செய்தவன்ரை. உந்த அறிவிப்பு வரியும் அப்பிடித்தான். அது உன்ரை எழுத்தில்லை. எல்லாற்றை பக்கத்திலையும் ஒரே மாதிரிக் கிடக்கு, இல்லையோ?”

கடைசிக் கேள்வி என்னைப் பார்த்து. ஓம், ஒரே மாதிரித்தான் என்றேன். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மனைவி தொலைபேசியை வைத்தாள்.

“சம்மதமாம். ஆனால் அவள் முதல் இறக்கமாட்டாளாம். மேலை ஏத்தினது அத்தான்தானே, முதல் அவர் தன்ரை பாடத்திலை இறக்கிக் காட்டட்டும், அதைப் பாத்துத் தான் இறக்கிறாளாம்.”

பாவமோ புண்ணியமோ, ஆசிரியர் கணக்கில் எழுதப்பட்ட பிறகே மாணவர் தொடுவது என்பது நல்ல ஏற்பாடுதான். ஞாயிறு மத்தியானம் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு அரிசி மூட்டையில் ஏறினேன். கட்டடம் அமைதியாக இருந்தது. முதல் பாடத்தைப் புதிதாகத் தொடங்கினேன். சரிந்த பக்கத்தைக் காட்டி, காரணத்தைச் சொல்லி, முக்கியமான இடத்துக்கு வரும் நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

ஒரு தம்பதி, மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்குச் சொல்ல வந்தவர்கள். இந்த மாதிரி அழைப்பை வீட்டுக்காரர் இருவரையும் நிற்க வைத்துத்தான் சொல்ல வேண்டும். எங்கே அவர் என்று கேட்பது எனக்குக் கேட்டது. சாமான் அறைக்குள் நிற்கிறார், கதைத்துக்கொண்டிருக்கிறார் என்று என் மனைவி சொன்னாள். ஆரோடை என்று கேட்டார் அந்த அம்மா. தனியத்தான் என்றாள் மனைவி. இவ்வளவும் பதிவில் துல்லியமாக இருக்கிறது. அரிசி மூட்டைகள் எதிரொலியைத்தான் விழுங்கும், விருந்தாளிகளை விழுங்காது.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்தினால் வெளியே வரவேண்டும், வந்தால் தேத்தண்ணீர், தேத்தண்ணீர் என்றால் மாலை. செவ்வாய் நெருங்கிவிட்டது. குரலைக் கொஞ்சம் உயர்த்தித் தொடர்ந்தேன்: “இப்போது பிள்ளையாரைப் பக்குவமாகப் பிடித்து ஒரு வரி கீழே இறக்குகிறோம். பயப்படத் தேவையில்லை. இறக்கிவிட்டோம். பார்த்தீர்களா, இப்போது எல்லாம் நேராகிவிட்டது.”

வெளியே பேச்சு அடங்கிவிட்டது. பிறகு பதிவில் அந்த ஐயா மெதுவாக, “தங்கச்சி, ஏதும் உதவி தேவையெண்டால் யோசிக்காமல் சொல்லுங்கோ” என்று என் மனைவியிடம் சொல்வது கேட்கிறது. நான் கதவைத் திறந்து தலையில் கம்பியோடு வெளிப்பட்டதும் இருவரும் எழுந்து நின்று அழைப்பைச் சொன்னார்கள். தேத்தண்ணீர் வேண்டாம் என்றார்கள். என் அனுபவத்தில் மிகச் சுருக்கமான தமிழ் வருகை அது. சடங்கு மண்டபத்திலும் என்னை மின்விசிறிக்குப் பக்கத்தில், காற்றுப்படும் இடமாகப் பார்த்து உட்கார வைத்தார்கள்.

வெட்டித் திருத்த நேரமில்லை. அப்படியே இறுவட்டில் எழுதிக்கொண்டு தே-பானே என்னும் சுரங்க ரயிலில் ஏறி நகரத்தைக் குறுக்காகக் கடந்து ஸ்டோவ்னருக்குப் போனேன். மச்சாள் இறுவட்டைப் போட்டாள். விருந்தாளிகளின் இடம் வந்தபோது சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. பிள்ளையார் இறங்கும் இடத்தில் நிறுத்தினாள். பின்னால் போய் மறுபடி பார்த்தாள். பிறகு தன் பக்கத்தைத் திறந்து, களிம்பு பூசிய விரல்களால் அந்த வரியை வெட்டி, ஒரு வரி கீழே ஒட்டினாள். ஒட்டும்போது உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவள் சேமித்தாள். நான் எதுவும் சொல்லாமலே சேமித்தாள்.

திங்கட்கிழமை நூலகத்தில் திறந்து பார்த்துவிட்டு ஒரு சொல்லில் தகவல் சொன்னாள்: நடுவில்.

செவ்வாய்க்கிழமை காலை என் மேசையில் ஒரு வேலையும் ஓடவில்லை. கோயம்புத்தூர்க்காரரும் அடிக்கடி என் தொலைபேசியைப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு ரொட்டித் துண்டுகளை எடுத்தபோது அது அடித்தது. பின்னணியில் ரயில் சத்தம்.

“நடுவிலை நிண்டதே?” என்றேன், வேறு எதையும் கேட்காமல்.

“நிண்டது அத்தான்.”

“என்ன சொன்னவை?”

“‘ஃபீன்ட்’ எண்டவை.”

நோர்வேக்காரர்களின் ‘ஃபீன்ட்’, நல்லது என்று அர்த்தம்; பிறந்த குழந்தைக்கும் சொல்வார்கள், பேருந்து வந்தாலும் சொல்வார்கள்.

“பேந்து?”

“பேந்து மூடிப்போட்டினம்.”

பக்கத்தின் உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்து பார்த்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். பெட்டி எப்படி நடுவில் நிற்கிறது என்று கேட்டார்களா? கேட்கவில்லையாம். மிச்ச நேரமெல்லாம் வேறு விஷயங்கள்தானாம். தொலைபேசியில் கோபமாகப் பேசுகிறவர்களிடம் எப்படிப் பேசுவாய், வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நிற்க முடியுமா, கோப்பி குடிப்பாயா. அந்தப் பொறுப்பதிகாரி அம்மா மட்டும் கோப்பையை நீட்டும்போது அவளுடைய கையைக் கவனித்திருக்கிறார். சலவைக்கூடமா என்று கேட்டாராம். ஓம் என்றதும், தானும் படிக்கிற காலத்தில் ஒரு கோடைகாலம் அப்படி ஒரு இடத்தில் நின்றதாகச் சொன்னாராம்.

நான்கு முறை பதிந்த பாடம், வெட்டி எறிந்த ஊஞ்சல்கள், முதல் பூசை விவகாரம், சாமத்திய வீட்டாரின் அனுதாபம், எல்லாம் சேர்ந்து ஒரு ‘ஃபீன்ட்’. “அவ்வளவுதானோ?” என்றேன்.

“சரிஞ்சு நிண்டிருந்தால் பாத்திருப்பினம், அத்தான்” என்றாள்.

பிறகு, அதுவரை சொல்ல மறந்த விஷயம்போல, இடம் கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் தொடக்கம் என்றாள். சலவைக்கூடத்துக்கு இன்றைக்கே சொல்லிவிடப் போகிறாளாம். குரல் கொஞ்சம் உடைந்தது. ரயில் ஒரு சுரங்கத்துக்குள் போனதாலும் இருக்கலாம். நான் கையை உயர்த்திக் காட்ட, கோயம்புத்தூர்க்காரர் “சூப்பர் சார்” என்று சாப்பாட்டு அறையே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்.

“அங்கை ஒஃபிஸுக்கு என்ன உடுப்புப் போடுறவை, அத்தான்?”

அதற்கு என்னிடம் பாடம் எதுவும் இல்லை. அக்காவுக்கு எடுத்துக் கேள், முதலில் அவளிடம் நல்ல செய்தியையும் சொல்லிவிடு என்றேன்.

“அவவுக்கு அப்பவே எடுத்துச் சொல்லிப்போட்டன்” என்றாள். “அவதான் உங்களுக்கும் ஒருக்கா எடுக்கச் சொன்னவ.”